வந்தவர்களுக்குத் தேத்தண்ணி

கனடா, ஸ்காபரோவில் சட்டத்தரணியின் அறை. ஜன்னலுக்கு வெளியே அழுக்குப் பனி குவிந்து கிடக்கிறது. கணினித் திரையில், அகதிக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரி ஏதோ கேட்கிறார். மொழிபெயர்ப்பாளரின் குரல் அதைத் தமிழில் சொல்கிறது. "மகளை விசாரிக்க வந்த சிஐடிக்காரருக்கு ஒவ்வொருமுறையும் தேத்தண்ணி குடுத்திருக்கிறீங்கள். பயந்த ஆள் உபசரிக்குமோ?" மன்னாரிலிருந்து வந்த கிளடிஸ், ஆறிப்போன கடதாசிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறாள். நகங்கள் வெளுத்துவிட்டன. "கொதிக்கக் கொதிக்கத்தான் குடுத்தனான். அது ஆறுமட்டும் அவங்கட கையிலை கோப்பை இருக்கும். மகள் பின்கதவாலை ஓடிடுவாள்." மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிவிட்டு அதை ஆங்கிலத்தில் சொல்கிறார். அதிகாரி தலையசைத்து எழுதிக்கொள்கிறார். அடுத்த கேள்வி தமிழில் வருகிறது: "அப்ப மகளுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" கிளடிஸ் கோப்பையை விடாமல் சொல்கிறாள்: "கடைசிமுறை அவங்கள் கோப்பையைக் கையிலை வாங்கேல்லை."