வெந்நீர் போடும் ஃபிரிட்ஜ்

"முதல் ஆளே திட்டினா நான் அழுதுடுவேன் சார்," என்றாள், வாடிக்கையாளர் சேவை மையத்தில் அன்று சேர்ந்த பெண்.

"பாத்துக்கலாம், எடும்மா," என்று ஓர் அழைப்பை அவள் பக்கம் திருப்பிவிட்டார் சூப்பர்வைசர்.

"நீங்க வித்த ஃபிரிட்ஜ் வெந்நீர் போடுது!" என்று எரிந்து விழுந்தார் ஒரு வயதான அம்மா.

"மன்னிச்சுக்கோங்கம்மா. கதவு சரியா மூடியிருக்கா? மன்னிச்சுக்கோங்க, பிளக்கையும் ஒரு தடவை பாருங்க."

மறுமுனையில் சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அட, ஓடுதே! நல்லா இரு கண்ணு."

அடுத்து வந்தவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் அழவில்லை. பொறுமையாகக் கேட்டு, பதில் சொல்லி முடித்தாள்.

மாலை சூப்பர்வைசர் வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறையிலிருந்து அதே வயதான குரல் வந்தது.

"பொண்ணு கெட்டிக்காரிதான்டா. ஆனா மூச்சுக்கு முந்நூறு மன்னிப்புக் கேக்கறா. குறைச்சுக்கச் சொல்லு."

"சொல்றேம்மா. நாளைக்கு ஒரு பையன் புதுசா சேர்றான்."

"சரி, அவனுக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர். எவ்வளவு திட்டணும்?"

அவர் சற்று யோசித்தார்.

"இன்னிக்குத் திட்டின அளவே போதும்மா. மிச்சத்தை வாடிக்கையாளருங்க பாத்துப்பாங்க."