வெங்காயச் சட்னியும் மெயின் சுவிட்சும்

"இன்னிக்கும் போயிடுத்து!"

பாதி அரைந்த வெங்காயச் சட்னியைப் பார்த்துக்கொண்டே கத்தினாள் நீரஜா.

கணவன் ராம்ப்ரசாத் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "எதிராத்துல ஃபேன் சுத்தறதே."

"அதைத்தான் நானும் சொல்றேன். தினம் காலம்பற நம்மாத்துல மட்டும் கரண்ட் போறது. அதுவும் நான் வெங்காயத்தை மிக்ஸியில போட்டாத்தான் போறது."

மாமியார் பத்மாசனி சமைக்கும் தளிகையறைக்குள் வெங்காயம் நுழையக் கூடாது. அதனால் மருமகளின் மிக்ஸிக்குப் பின்கட்டில் தனி இடம். கல்யாணமான புதிதிலேயே பேசி முடித்த சமாதானம் அது.

சட்னியை அரைத்து டப்பாவில் அடைத்துக்கொண்டு ஓடினால்தான் திருப்பதியிலிருந்து சித்தூர் பஸ்ஸைப் பிடிக்க முடியும். இந்த வாரமும் பஸ்ஸைத் தவறவிட்டு, வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பேச்சு வாங்கியிருந்தாள்.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் பவன்குமாரை வரவழைத்தாள். அவன் எல்லா சுவிட்சு போர்டுகளையும் கழற்றிப் பார்த்து மாட்டினான்.

"பிராப்ளம் ஏமி லேது மேடம். ஒயரிங் பழசுதான், ஆனா கெட்டுப்பூடல. எர்த் குழில தண்ணி ஊத்துறீங்களா?"

"குழிக்கு எதுக்குத் தண்ணி?"

"காஞ்சிபூட்டா எர்த் வேலை செய்யாது மேடம். கரண்டு சமாச்சாரத்துல தண்ணி ஊத்த வேண்டிய ஒரே எடம் அதுதான்." குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணு. கரண்டு தானா போகல. யாரோ மெயின ஆஃப் பண்ணிக்கினு இருக்காங்க."

மறுநாள் சட்னியை ராம்ப்ரசாத்திடம் ஒப்படைத்துவிட்டு, வாசலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள் நீரஜா.

மாமனார் ஸௌரிராஜன் வந்தார். திருமலை மடைப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெயின் சுவிட்சுக்கு அருகில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும், மெயினை இழுத்துவிட்டார்.

"அப்பா!"

திடுக்கிட்டுத் திரும்பினார். "கத்தாதே. அவ காதுல விழப்போறது."

"வெங்காயம் பிடிக்கலேன்னா என்கிட்ட நேரே சொல்லியிருக்கலாமே? நாங்க சித்தூர்லயே வீடு பார்த்துட்டோம். ஞாயித்துக்கிழமை சாவி வாங்கப் போறோம்."

"வெங்காயமா? அசடே, அங்கே பாரு."

தளிகையறை வாசலில் பத்மாசனி நின்றிருந்தாள். குளித்து, மடிப்புடவை உடுத்தி, கையில் ஒரு துணியோடு. சுவிட்சு போர்டை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாமெல்லாம் குளிக்காம விழுப்புக் கையோட சுவிட்சைத் தொட்டுடறோமாம். ஈரத்துணியால துடைச்சு மடியாக்கிண்டுதான் லைட்டே போடுவா. ஷாக் அடிக்கும்டின்னா, 'பெருமாள் பார்த்துப்பார்'ங்கறா. பெருமாளுக்கு ஆயிரம் வேலை. அதான் நான் பார்த்துக்கறேன்."

நீரஜா அன்றே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பவன்குமாரைக் கூப்பிட்டாள். அவன் மெயினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினான்.

"யாருக்காவது ஷாக் அடிச்சா, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள இதுவே கட் பண்ணிரும் சாமி."

"இது தூங்கிப் போயிடாதே?" என்றார் ஸௌரிராஜன்.

"தூங்காது. மாசத்துக்கு ஒரு தபா இந்த பட்டனை அமுக்கிப் பாருங்க, போதும்."

"மாசத்துக்கு ஒரு தடவைதானா?"

"இனிமே நீங்க நிம்மதியாத் தூங்கலாம்ப்பா," என்றாள் நீரஜா.

மறுநாள் கரண்ட் போகவில்லை. சட்னி மைய அரைந்தது. பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

சனிக்கிழமை பத்மாசனி பின்கட்டுக்கு வந்து, வெங்காயத்துக்கு எட்டாத தூரத்தில் நின்றாள்.

"உன் மாமனார் இன்னும் எழுந்திருக்கலைடி. மலைக்குப் போற வேலை நின்னதும் இப்படித்தான் சுவரைப் பார்த்துண்டு படுத்துக் கிடந்தார். நடுவுல என்னமோ கருக்கல்லயே எழுந்துண்டிருந்தார். எழுந்தா குளிப்பார், பாசுரம் சொல்லுவார், நாலு தெரு நடப்பார். இப்போ மறுபடியும் சுவரைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார்."

நீரஜா மிக்ஸியை நிறுத்தினாள்.

நேரே மாமனாரின் கட்டிலருகே போனாள். "அப்பா, அந்தப் பொட்டியை முழுசா நம்பறதுக்கு எனக்கு பயமா இருக்கு. அம்மா உசிர் சமாச்சாரம். காலம்பற நீங்களும் ஒரு கை பார்த்துண்டா நல்லது."

ஸௌரிராஜன் எழுந்து உட்கார்ந்தார். "நான் அன்னிக்கே நினைச்சேன். பட்டனை அமுக்கினாப் போறுமாம்! எங்கே என் துண்டு?"

ஞாயிற்றுக்கிழமை. வெங்காயம் பாதி அரைந்திருக்கும்போது மிக்ஸி நின்றது.

"போயிடுத்தே!" என்றான் ராம்ப்ரசாத்.

"போகட்டும். சித்தூர் வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி, வீடு வேண்டாம்னு சொல்லிடுங்கோ."

சொல்லிவிட்டுத் தளிகையறை வாசலுக்கு ஓடினாள். பத்மாசனி சுவிட்சு போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அந்தத் துணியை நன்னாப் பிழிஞ்சுட்டாவது துடையுங்கோளேன்."

பத்மாசனி ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். பிறகு, மருமகள்மேல் பட்டுவிடாமல், துணியை உயரத்திலிருந்து அவள் கையில் போட்டாள்.

அப்பளமாகக் காய்ந்திருந்தது.

"அம்மா! இது எத்தனை நாளா?"

"அவர் மெயினை இழுக்கறதுக்குன்னு எழுந்திருக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து," என்றாள் பத்மாசனி. "கத்தாதே. அவர் காதுல விழப்போறது."