ஆறாவது தையல்

சாரத்திலிருந்து விழுந்து வாய் கிழிந்து வந்த கொத்தனாருக்கு ஐந்து தையல் போட்டதாகத்தான் பல் மருத்துவரின் ஆய்வுக் குறிப்பில் இருந்தது. வாய்க் காயங்களில் சீழ் பிடிப்பது பற்றிய ஆய்வு அது. எண்ணிக்கையில் அவள் கோட்டைவிடுகிறவள் அல்ல.

ஏழாம் நாள் ஐந்தையும் பிரித்தாள். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இன்னொரு தையல் இருந்தது. அங்கேயும் கிழிந்திருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. அப்படியே விட்டிருந்தால் தாடைவரை சீழ் இறங்கியிருக்கும். முடிச்சு கடுகளவுதான். அவ்வளவு நேர்த்தியை அவள் எங்கும் கண்டதில்லை. கத்தரிக்க மனம் வரவில்லை.

"நாளைக்குக் காலையில வாங்கண்ணே. பெரிய டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும்" என்று அவரை அனுப்பிவிட்டு, நேரே தங்கை வீட்டுக்குப் போய் இரவு அங்கேயே தங்கிவிட்டாள்.

மறுநாள் பெரிய டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். தையலைக் காணோம். ஈறு தழும்பே இல்லாமல் ஆறியிருந்தது.

"யாருண்ணே பிரிச்சாங்க?" என்றாள்.

"நேத்து சாயங்காலம் நீங்கதானேம்மா திரும்பக் கூப்பிட்டுப் பிரிச்சீங்க? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். "இருபது வருஷத்துல இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லம்மா."

அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். வெளியே எடுத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.