ஆர்லோ சீட்டு போட்ட நாள்

"யோவ் ஆர்லோ, சீட்டைப் போடச் சொன்னா, கோழிக்குத் தீனி வீசற மாதிரி வீசறியே!"

கூட்டம் சிரித்தது. ஆர்லோவின் காது இரண்டும் சிவந்தன.

அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் இருந்த அந்தச் சின்ன கேசினோவில், வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் எல்லாமே தலைகீழ். தினமும் போக்கர் ஆட வருகிறவர்கள் அன்றைக்குச் சீட்டு போடுவார்கள். தினமும் சீட்டு போடும் டீலர்கள் உட்கார்ந்து ஆடுவார்கள். வருஷம் முழுக்க வாங்கிய வசவை டீலர்கள் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும் நாள் அது.

ஜெயிக்கிறவருக்குப் பரிசு, தேங்க்ஸ்கிவிங் வாரம் முழுக்க லீவு. ஊரே குடும்பத்தோடு வான்கோழி சாப்பிடும் அந்த வாரத்தில்தான் கேசினோ நிரம்பி வழியும். எந்த டீலரும் லீவு என்று வாயைத் திறக்க முடியாது.

டீலர் வெண்டெலுக்கு அந்த லீவு கட்டாயம் வேண்டும். மகள் கோரா தூரத்து டுலூத் நகரத்தில் இருந்தாள். அவளுக்குப் பிறந்த பெண் குழந்தையை அவர் இன்னும் போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா சீட்டு போடறாரு. ஆட்டத்துல புலியா இருப்பாரு பாரு" என்றார் ஒருவர்.

"பீட்ஸா கொண்டுவந்து குடுக்கறவனுக்கு மாவு பிசையத் தெரியுமா? நான் சீட்டோட முதுகைத்தான்யா பாத்திருக்கேன்" என்றார் வெண்டெல்.

அப்படிச் சொன்னவர், தட்டுத்தடுமாறி கடைசி இரண்டு பேரில் ஒருவராக வந்துவிட்டார். எதிரே ரோவீனா. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதமே ஆன பிலிப்பைன்ஸ் பெண்.

"லீவு கிடைச்சா என்னம்மா பண்ணுவே?"

"தூங்குவேன் அண்ணே. ஏழு நாளும் தூங்குவேன்."

கடைசி ஆட்டத்துக்கு யார் சீட்டு போடுவது என்ற குலுக்கலில் ஆர்லோவின் பெயர் வந்ததில்தான் எல்லோருக்கும் கொண்டாட்டம். பழைய லாரி டிரைவர். பதினோரு வருஷமாக வெண்டெலின் மேஜையை விட்டு நகராத மனுஷர். தோற்றால் போதும், "டீலரு தனக்கு வேண்டியவனுக்குத் தள்ளி விடறான்!" என்று கூரை அதிரக் கத்துவார். மேனேஜரிடம் இரண்டு தடவை புகாரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"வெண்டெல், இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான். நாலு கேளு அந்த ஆளை!" என்று சக டீலர்கள் ஏற்றிவிட்டார்கள்.

வெண்டெல் கேட்கவில்லை. "பரவாயில்ல ஆர்லோ, மெதுவா போடு" என்றார்.

இரண்டு பேரிடமும் டோக்கன்கள் சரிசமமாக இருந்தன. நகம் கடித்துக்கொண்டிருந்த ரோவீனாவுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. "முடிச்சிடலாம் அண்ணே" என்று இருந்ததை எல்லாம் நடுவில் தள்ளினாள். வெண்டெலும் தள்ளினார். இனிப் பந்தயம் கட்ட ஒன்றுமில்லை. இரண்டு பேரும் சீட்டை மலர்த்திக் காட்டினார்கள்.

வெண்டெலிடம் ஒரு ராஜா, ஒரு ராணி. ரோவீனாவிடம் ஒரு பத்து, ஒரு ஏழு.

மேஜை நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் விழ வேண்டும். ஆர்லோ முதல் மூன்றைப் போட்டார். ராஜா, ஆறு, ராணி.

வெண்டெலுக்கு இரண்டு ஜோடி! கூட்டம் குதித்தது. ரோவீனா எழுந்து அவர் கையைக் குலுக்கினாள். அந்த அமளியில் மீதி இரண்டு சீட்டும் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

"ரெண்டு ஜோடி! வெண்டெல் ஜெயிச்சாச்சு!" என்று கத்திவிட்டு, டோக்கன்களை அவர் பக்கம் தள்ளினார் ஆர்லோ.

வெண்டெலின் கண் மட்டும் மேஜையிலேயே நின்றது.

"நிறுத்து ஆர்லோ. எட்டும் ஒன்பதும் விழுந்திருக்கு. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. வரிசையா அஞ்சு, ரெண்டு ஜோடியை விடப் பெருசு. எல்லாம் அந்தப் பக்கம் போகணும்."

தினமும் மேஜையில் சொல்லும் அதே குரல். சொல்லிக்கொண்டே டோக்கன்களை இரண்டு கையாலும் ரோவீனாவிடம் தள்ளிவிட்டு, வேலை முடிந்த டீலர் போல ஒரு தட்டுத் தட்டி, கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று கூரையில் இருந்த கேமராவுக்கு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"டீலர் புத்தி எங்கய்யா போகும்!"

"ஆர்லோ, உனக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தரட்டுமா?"

ரோவீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் பாக்கவே இல்லையே. லீவை நீங்களே எடுத்துக்கோங்க அண்ணே."

"ஜெயிச்சது நீ. போய்த் தூங்கும்மா."

வெண்டெல் வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டார். நடந்ததைக் கேட்டு கோரா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க திருந்தவே மாட்டீங்கப்பா. சரி விடுங்க, ஜனவரியில நாங்களே குழந்தையைத் தூக்கிட்டு வர்றோம்." வெண்டெல் தோற்ற மனுஷர் போலவே இல்லை, முகம் அப்படி மலர்ந்திருந்தது.

வண்டி நிறுத்தும் இடத்தில் ஆர்லோ தன் பழைய வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். வெண்டெலுக்குப் பாவமாக இருந்தது.

"விடு ஆர்லோ. சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போறாங்க. புதுசுல எனக்கும் இப்படிக் கண்ணு தப்பியிருக்கு."

"கண்ணு தப்புச்சா?" ஆர்லோ சீறினார். "ஒன்பது விழுந்தப்பவே எனக்குத் தெரியும்யா! பேத்தியைப் பாத்துட்டு வரட்டுமேன்னு ஆயுசுல ஒரே ஒரு நல்லது பண்ணினேன். அதையும் கெடுத்துட்டு, ஆறுதல் வேற சொல்ல வந்துட்டான்!"