பொட்டு வைத்த டிக்கெட்

பவுனுவின் கணவன் சின்னராசு ரயிலிலிருந்து விழவில்லை, தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டுச் செத்தான் என்றது நஷ்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பான ரயில்வே. அவன் பயணிதான் என்று காட்ட, ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த சட்டைப் பையில் இருந்த டிக்கெட் ஒன்றுதான் மிச்சம். இலவச சட்ட உதவி வக்கீல் தெரசா அதை வாங்கிப் போக வந்திருந்தாள்.

பவுனு அதை அவன் படத்தின் கண்ணாடியில், சட்டைப் பை தெரியும் இடத்தில் ஒட்டியிருந்தாள். வெள்ளிதோறும் படத்துக்கு வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் டிக்கெட்டுக்கும் வைத்திருந்தாள். எண்ணும் தேதியும் இருந்த இடத்தில் பொட்டு தடித்துக் காய்ந்திருந்தது.

"நம்பர் தெரியலைன்னா இது வெறும் காகிதம்னு சொல்லிடுவாங்கக்கா. கேஸே நிக்காது."

"கடைசியா அவரு கை பட்டது இதுலதானேம்மா. இதை மட்டும் வெறும் நெத்தியா விடச் சொல்றியா?"

தெரசா நகத்தால் மெல்லச் சுரண்டினாள். பவுனு அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.

"என் பொட்டை ஊரே கூடி அழிச்சுது. இதை நானே அழிக்கிறேன், விடு."

முந்தானை நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, பொட்டின் மேல் வைத்து ஒற்றினாள். துணியில் முதலில் சிவப்பு ஏறியது. பிறகு மஞ்சள். அதன் பின்னால் கொஞ்சம் அச்சு மையின் கறுப்பும் வந்தது.