எதிரே வரக் கூடாதவள்

ஆபரேஷனுக்கு இசக்கிராஜாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிவந்தார்கள். கூடவே வந்த அம்மா பேச்சித்தாய், எதிரே வந்தவளைக் கை நீட்டித் தடுத்தாள்.

"ஏட்டி, எதுத்தாப்ல வராத. என் மூத்தவன முழுங்குனது போதாதா?"

விதவை மருமகள் தேன்மொழி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மயக்க மருந்து டாக்டர் வந்ததும் அங்கிருந்தே சொன்னாள்.

"டாக்டர், என் வீட்டுக்காரருக்கு மயக்க மருந்து குடுத்ததும் இதயம் நின்னுட்டு. அவருக்கும் அவரு தம்பி இவருக்கும் படி ஏறுனா கால் தளந்துரும்."

டாக்டர் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார். "நல்லவேளை சொன்னீங்க. பரம்பரைத் தசைநோயா இருக்கலாம். வேற மருந்து குடுக்கேன்."

"பரம்பரைன்னா, யாருகிட்டருந்துய்யா வருது?" என்றாள் பேச்சித்தாய்.

"இந்த நோய் ஆம்பளப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அம்மாகிட்டருந்து."

ஸ்ட்ரெச்சர் மறுபடி நகர்ந்தது. பேச்சித்தாய் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"நீ கூடப் போ, தாயி. நான் எதுத்தாப்ல வரல."