பத்து நாள் லீவு

கூட்டில் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் மூத்த தேனீயிடம், ஒரு சின்னத் தேனீ தயங்கித் தயங்கி வந்தது.

“அக்கா, எனக்குப் பத்து நாள் லீவு வேணும்.”

“நம்ம ஆயுசே நாற்பது நாள்தான். அதுல பத்து நாளா? எதுக்கு?”

“தினமும் குளத்துத் தாமரைக்குப் போறேன். மகரந்தத்தை அள்ளினதும் ஓடி வந்துடறேன். ஒரு தடவையாவது அந்தப் பூவுல சும்மா உட்கார்ந்து, தண்ணிக்குள்ள மேகம் மிதந்து போறதைப் பார்க்கணும்க்கா.”

மூத்த தேனீக்கு அன்று வயது முப்பத்தெட்டு நாள். ஒரு மேகத்தைக்கூட அது நின்று பார்த்ததில்லை.

“சரி, போயிட்டு வா.”

சின்னத் தேனீ சிறகை விரித்தபோது, பின்னாலிருந்து அதே குரல் மிக மெதுவாகக் கேட்டது.

“அந்தப் பூவுல ரெண்டு பேர் உட்கார இடம் இருக்குமா?”